காந்தத் தாங்கியுடன் டயல் கேஜ்: கியர்பாக்ஸ் வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

தக்கலையில் என் வீட்டுக் கொட்டகையில் பழைய காரின் கியர்பாக்ஸைப் பிரித்துப் புதிய டேப்பர் ரோலர் (கூம்பு வடிவ உருளை) பேரிங்குகளைப் பொருத்தியபோது, பிரீலோடு, அதாவது பேரிங்கில் ஆட்டமே இல்லாதபடி முன்கூட்டியே தரும் சிறு அழுத்தம், வைப்பதற்காக, சிறு அசைவையும் முள்ளால் அளந்து காட்டும் இந்த டயல் கேஜை நாகர்கோவிலில் வாங்கினேன். முள் 0.01 மில்லிமீட்டர் வரை தெளிவாகக் காட்டுகிறது. ஷிம் (இடைவெளியை நிரப்ப வைக்கும் மெல்லிய உலோகத் தகடு) கணக்குக்கு அது போதும். மெல்லிய ஷிம்மை வைத்து மூடியை முறுக்கி, ரோலர்கள் இடத்தில் அமரும்படி தண்டைப் பல சுற்று சுழற்றிய பின், அதை மேலும் கீழும் அசைத்து அளந்த இடைவெளியோடு கையேடு சொல்லும் பிரீலோடு அளவையும் கூட்டி, முதலில் வைத்ததைவிட அந்த அளவுக்குத் தடிமன் மிகுந்த ஷிம்மைத் தேர்ந்தேன். சுழற்றாமல் அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். அது தெரியாமல் முதல் நாள் முழுவதும் கேஜின் மீதே பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மையான இடைஞ்சல் கேஜைப் பிடித்து நிறுத்தும் காந்தத் தாங்கியில்தான். கியர்பாக்ஸின் உறை அலுமினியம் என்பதால் காந்தம் ஒட்டாது. இரும்புப் பட்டை ஒன்றை உறையில் போல்ட் போட்டு இறுக்கி அதன்மீது நிறுத்த வேண்டியிருந்தது. விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், எண்ணெய் பூசி வைக்காவிட்டால் தாங்கியின் அடிப்பாகம் துருப்பிடிக்கிறது. பெட்டியின் கொக்கியும் உடைந்துவிட்டது. கேஜ் மட்டும் இன்றும் பிசகாமல் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது.