இம்பர் பேருந்தின் மேல்தளத்திலிருந்து: டாங்கிகள் உழுத புல்வெளி

இங்கிலாந்தின் வில்ட்ஷரில், ராணுவப் பயிற்சிக்காக 1943 டிசம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்ட இம்பர் கிராமத்துக்கு, 2009 முதல் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு நாள், கோடைக்காலத்தில், ‘இம்பர்பஸ்’ என்ற பெயரில் பழைய லண்டன் இரட்டை அடுக்குப் பேருந்துகள் ஓடுகின்றன. வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்தில் ஏறி, ஒரே பயணச்சீட்டில் நாள் முழுவதும் ஏறி இறங்கலாம். வசூல் தொண்டுக்குச் செல்கிறது. பெரும்பாலோர் ஆளில்லாத கிராமத்தையும் புனித ஜைல்ஸ் தேவாலயத்தையும் காண வருகிறார்கள். நான் இந்தப் பயணத்தைப் பரிந்துரைப்பது வழியிலுள்ள புல்வெளிக்காக.

பேருந்து கடந்துசெல்லும், ஏறத்தாழ 38,000 ஹெக்டேர் பரப்புள்ள சாலிஸ்பரி சமவெளிப் பயிற்சி நிலத்தில்தான் வடமேற்கு ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப்பெரிய சுண்ணாம்புப் புல்வெளி, அதாவது சுண்ணாம்புப் பாறையின் மேல் வளரும் புல்வெளி, இருக்கிறது. ராணுவம் வாங்கியதால்தான் உழவும் செயற்கை உரமும் எட்டாமல் அது பிழைத்தது. அதே நிலத்தில் 60 டன்னுக்கு மேல் எடையுள்ள சாலஞ்சர் 2 டாங்கிகள் ஓடும்போது என்ன ஆகிறது என்பது மேல்தளத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறது: பச்சைச் சரிவுகளின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். மேல்மண் பல இடங்களில் ஒரு சாண்கூட இராது. அது பெயர்ந்தால் அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்பு வெளியே வந்துவிடும்.

நேராகச் செல்லும் டாங்கியைவிடத் திரும்பும் டாங்கியே அதிகக் கேடு செய்கிறது. ஒரு பக்கச் சங்கிலிப் பட்டையின் வேகத்தைக் குறைத்துத்தான் அது திரும்ப முடியும் என்பதால், பட்டை பக்கவாட்டில் மண்ணை அரைத்து, புல்லை வேரோடு புரட்டித் தள்ளுகிறது. சாலையோரத்தில் அப்படியொரு வளைவைப் பார்த்தேன்: வெளிவிளிம்பில் மண் வரப்புபோல் குவிந்திருக்க, உள்ளே இறுகிய தரையில் ஆங்காங்கே களைகள் மட்டும் முளைத்திருந்தன. ஈரக்காலத்தில் சேதம் இன்னும் ஆழமாகிறது. மண்ணின் நுண்துளைகள் நசுங்கி, நீர் இறங்காமல், வேர் ஊன்றவும் இடமில்லாமல் போகிறது. கலைக்கப்பட்ட சுண்ணாம்புப் புல்வெளி பழைய நிலைக்குத் திரும்பக் குறைந்தது 50 ஆண்டுகள் ஆகும் என்று இச்சமவெளியிலேயே நடந்த ஆய்வு கூறுகிறது.

டாங்கித் தடத்தில் தேங்கும் குட்டைகளில் ‘ஃபேரி ஷ்ரிம்ப்’ என்னும் அரிய, சிறிய நன்னீர் உயிரி வாழ்கிறது என்பதும், அதன் முட்டைகள் வண்டிகளில் ஒட்டும் சேற்றோடு பரவுகின்றன என்பதும் உண்மையே. அதைக் காட்டி எல்லாச் சேதத்தையும் நியாயப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. குட்டை ஒரு மழையில் நிரம்பிவிடும். புல்வெளிக்கு அரை நூற்றாண்டு வேண்டும். கனரக வண்டிகளுக்கென்று சரளைப் பாதைகள் அமைத்திருப்பது சரியான வழி. ஈரமான மாதங்களில் அவற்றை விட்டு விலகாதிருப்பதே முக்கியம்.

வெடிக்காத குண்டுகள் கிடக்கக்கூடும் என்பதால் சாலையை விட்டு இறங்க அனுமதியில்லை. ஆகவே தொலைநோக்கி எடுத்துச் செல்லுங்கள். மேல்தளத்தின் முன்வரிசையில் இடம்பிடிக்க முதல் பேருந்திலேயே ஏறிவிடுவது நல்லது.