பணம் பிடித்தாயிற்று, 'பிரச்சினை தீர்ந்தது' என்கிறார்கள்: யுபிஐ பயன்படுத்துவோர் கவனத்துக்கு

யுபிஐ செயலியின் வாடிக்கையாளர் சேவையை நம்பிக் காத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். பணம் போனதைவிட, போன பணத்தைத் திரும்பக் கேட்டு நான் பட்ட பாடுதான் பெரிது.

மருந்துக்கடையில் அப்பாவின் மாதாந்திர மாத்திரைகளுக்கு 2,340 ரூபாய். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, 'நிலுவையில் உள்ளது' என்று நின்றது. பணம் பிடித்ததாக வங்கியின் குறுஞ்செய்தி மட்டும் உடனே வந்துவிட்டது. கல்லாவின் மேலிருந்த ஒலிப்பெட்டியோ வாயே திறக்கவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். தன் கணக்குக்கு வராத பணத்துக்கு அவர் எப்படி மாத்திரை கொடுப்பார்? ஏடிஎம்முக்குப் போய் ரொக்கம் எடுத்துவந்து கொடுத்தேன்.

செயலியில் 'உதவி'யைத் தொட்டால் தானியங்கி அரட்டை. எதைத் தட்டினாலும் அதே நான்கு தெரிவுகள். ஒருவழியாக ஒரு மனிதர் வந்து, 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன். மறுபடி போனால் வேறொருவர். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். வங்கிக் கிளையில் "ஆப்காரர்களைக் கேளுங்கள் மேடம்" என்றார்கள். செயலியில் "உங்கள் வங்கியை அணுகவும்" என்றார்கள். ஒரு நாள் காலையில் அறிவிப்பு வந்தது: 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. உரையாடலை மூடிவிட்டதால் அதில் பதில் எழுதவும் வழியில்லை. சர்வர் திணறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். தீராததைத் தீர்ந்ததாக எழுதிக் கணக்கை முடிப்பது கோளாறு அல்ல, திட்டமிட்ட அலட்சியம்.

இவர்கள் யாரும் வாய் திறந்து சொல்லாத விதி ஒன்று இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் பிடிக்கப்பட்டு, கடைக்கு உறுதி கிடைக்காமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. தனிநபருக்கு அனுப்பிய பணம் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் கெடு ஒரே நாள்தான். இந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. எனக்குக் கேட்டும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அரட்டையில் புலம்புவது புகார் ஆகாது. செயலியில் பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து, அந்தக் குறிப்பிட்ட பரிவர்த்தனையின் கீழேயே புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க யுடிஆர் எண்ணும் அங்கேயே இருக்கும். அதையும் குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வங்கிக்கு எழுத்துமூலமாகக் கொடுங்கள். செயலி வெறும் வாசல்தான்; பணத்தைப் பிடிப்பதும் திருப்புவதும் வங்கிகள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இப்படி அலைக்கழிக்கப்படுகிறவர்கள் பொறுமையிழந்து இணையத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடுகிறார்கள். மோசடிக்காரர்கள் காத்திருப்பதும் அங்கேதான். செயலி நிறுவனத்தின் எண் போலவே போட்டுவைத்திருப்பார்கள். அரட்டைப் பெட்டியைப் போல் இல்லாமல் முதல் மணியிலேயே எடுத்து, மிக மரியாதையாகவும் பேசுவார்கள்! திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். 'பணம் திரும்ப வர' ரகசிய எண்ணைப் போடச் சொல்வார்கள். பணம் வருவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, போவதற்குத்தான் தேவை. யாராவது ஏற்கெனவே சிக்கியிருந்தால் உடனே இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிக்கொண்டிருக்கும்.

எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகு எனக்கு அசல் வந்துவிட்டது. தாமதத்துக்கான தொகையைக் கேட்டால், "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் மேடம்" என்கிறார்கள். எழுதட்டும். முப்பது நாள் கெடு முடிந்ததும் குறைதீர்ப்பாளருக்கு நானும் எழுதுவேன்.