நுவரெலியாவில் "பழைய துரை பங்களா" என்று அறை எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் அறை தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசைப் போடுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். நேரமில்லாதவர்கள் கரிச்சட்டி பற்றி எழுதியிருக்கும் இடத்தை மட்டுமாவது வாசியுங்கள். அது உயிர் போகிற விஷயம்.

2025இல் பொங்கலுக்கு முந்திய நாள் போயா, பௌர்ணமி லீவு. சனி, ஞாயிறோடு சேர்த்து நாலு நாள் லீவு கிடைத்தது. அம்மாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வத்தளையிலிருந்து வான் ஒன்றில் புறப்பட்டோம். சனிக்கிழமை 11ஆம் திகதியிலிருந்து மூன்று இரவு நுவரெலியாவில் தங்குவது, செவ்வாய்க்கிழமை தலவாக்கலைப் பக்கம் மாமா வீட்டில் பொங்கிவிட்டுத் திரும்புவது என்பதுதான் திட்டம்.

ஹோட்டல்கள் எத்தனையோ இருக்கப் பழைய பங்களாவாகப் பார்த்துத் தேடியது அம்மாவுக்காக. அம்மா பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். கல்யாணம் முடித்து வத்தளைக்கு வரும்வரை கொழுந்தெடுத்தவர். அவருடைய பெரியப்பா, தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக வேலை செய்தார். பெரியப்பாவைப் பார்க்கப் போனால் குசினி வாசலோடு சரி, அதற்குமேல் பிள்ளைகள் போகக் கூடாது. முன்பக்கத்து அறையில் விறகு வெடிக்கிற சத்தம் அங்கே நிற்கும்போது கேட்குமாம். அந்த அறை எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை என்று எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். இப்போது 68 வயது. அப்படியொரு அறையில் அம்மாவைப் படுக்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

தெரிந்த ஒருவர் அனுப்பிய படத்தில் அந்த வீட்டைப் பார்த்தேன். பெரிய ஜன்னல், மரத் தரை, நாலு பக்கமும் தூண் வைத்த கட்டில், சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்படுப்பு. ஒரு குடும்பம் நடத்துகிறது, காலைச் சாப்பாடு சேர்த்து அறைக்கு ஒரு இரவு 18,000 ரூபாய் என்றார்கள். முன்னறையும் அதற்குப் பக்கத்து அறையும் வேண்டும் என்று கேட்டேன். வீட்டுக்காரரின் மகன்தான் வட்ஸ்அப்பில் பேசினார். மொத்தம் 1,08,000, பாதியை முற்பணமாகப் போடுங்கள் என்றார். 54,000 ரூபாயை அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டு ரசீது கேட்டேன். "நாங்க குடும்பமா நடத்துறது அக்கா, வாங்க, நம்ம வீடு மாதிரி இருங்க" என்று பதில் வந்தது. ரசீது வரவில்லை. அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

போய்ச் சேரும்போது பின்னேரம் மூன்று மணி. மழைத் தூறல். வீட்டுக்கார ஐயா வாசலுக்கே வந்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினார். அவருடைய மனைவி, ஆன்ட்டி, இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தார். அந்த அன்பு பொய் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் ஏமாந்தேன். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு ஐயா மெதுவாகச் சொன்னார்: "மகள், முன் ரூமில வெள்ளைக்காரங்க ரெண்டு பேர் இருக்கிறாங்க. இன்னும் மூணு நாள் கேட்டுட்டாங்க. ஒங்களுக்குப் பின்னால நல்ல ரூம் ரெண்டு தாறேன்."

முற்பணம் வாங்கி மூன்று வாரம் ஆகிறதே, ஒரு செய்தியாவது அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். "நம்ம ஆக்கள்தானே, புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

குசினியைத் தாண்டி, விறகு அடுக்கியிருந்த ஒடுக்கமான வழியாகப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கூரை. கையை உயர்த்தினால் தொடலாம். சுவரில் இடுப்புயரம்வரை ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது, அதை மறைக்கக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். மெத்தை விரிப்பைத் தொட்டால் கை நனைகிற மாதிரி இருந்தது. அம்மா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கோக்கி காம்பரா" என்றார்.

பங்களாவில் சமையல்காரருக்குக் கொடுக்கிற அறையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய பெரியப்பா படுத்துக் கிடந்த அறையும் இப்படித்தான் இருந்ததாம். அம்மா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. நான் அழுதுவிட்டேன்.

அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் நீண்ட லீவு, ஊர் முழுக்க ஆள். என் வீட்டுக்காரர், இவர், எட்டு இடத்துக்குப் போன் எடுத்துப் பார்த்தார், எங்கேயும் இரண்டு அறை இல்லை. இருட்டும் ஆகிவிட்டது.

நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. ஜனவரியில் விடியக்காலையில் புல்லில் உறைபனி பிடிக்கிற நாட்களும் உண்டு. ஆளுக்கு ஒரு கம்பளிதான் தந்திருந்தார்கள். ஹீட்டர் கேட்டதற்கு, "பழைய வீடு மகள், வயரிங் தாங்காது" என்றார். கீசர் ஏன் அஞ்சு நிமிஷத்தில் நின்றுபோகிறது என்றாலும், ஜன்னல் ஏன் மூடமாட்டேன் என்கிறது என்றாலும் அதே பதில்தான், பழைய வீடு. அப்புறம் இரவு எட்டரை மணிக்கு ஒரு இரும்புச் சட்டி நிறையத் தணல் கரி போட்டு அம்மாவும் மகளும் படுக்கிற அறைக்குக் கொண்டுவந்தார். மூடாத ஜன்னலுக்குப் பொலித்தீன் அடித்து ஆணியும் வைத்தார். "இனி குளிராது."

அம்மா வேண்டாம் என்றார். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், மழைநாளில் நனைந்த கம்பளியைக் காயவைக்கத் தணல் போட்டாலும் கதவைத் திறந்து, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்துத்தான் போடுவார்களாம், உள்ளே வைத்துக்கொண்டு தூங்கவே கூடாதாம். "நாங்க காலங்காலமா இப்படித்தாம்மா செய்றோம்" என்று ஐயா சிரித்தார். அம்மா நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து நானும் அவர் பக்கம் பேசினேன். கொஞ்ச நேரம் இருக்கட்டும் அம்மா, புகைகூட வரவில்லையே என்றேன். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

முக்கால் மணிநேரம் இருக்கும். அம்மா கதவைத் தட்டினார். ஒன்பது வயது மகள் தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்கிறாளாம். போய்ப் பார்த்தால் பிள்ளை கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள், எழுப்பி உட்காரவைத்தால் தலை நிற்கவில்லை. அம்மாவுக்கும் நடை தடுமாறியது. இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். நான் பொலித்தீனைக் கிழித்தேன். அந்தக் குளிரில் அரை மணிநேரம் வெளியே உட்கார்ந்திருந்த பிறகுதான் மகள் சரியாகப் பேசினாள்.

நன்றாகக் கேளுங்கள். தணல் கரியில் புகை வராது, ஆனால் கார்பன் மோனாக்சைட் வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் பிராணவாயு ஒட்டுகிற இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்தான் முதல் அறிகுறி. தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த அறிகுறிகூடத் தெரியாது, அப்படியே போய்விடும். கதவிடுக்கு, ஓட்டை என்று காற்று வருகிறதே என்று நம்பாதீர்கள். பாபிகியூ அடுப்பை மழைக்காக அறைக்குள் எடுத்து வைப்பதும் இதேதான், காற்றோட்டமில்லாத குளியலறையில் பூட்டிய காஸ் கீசரும் இதேதான். யாருக்காவது அப்படி ஆனால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மகள் தெளிந்துவிட்டாள் என்று நாங்கள் அழைக்கவில்லை, அது பிழை. அடுத்த நாள் காலையில் டொக்டரிடம் காட்டியபோது நன்றாக ஏச்சு வாங்கினோம்.

பழைய வீடென்றால் குளிரத்தானே செய்யும் என்று சிலர் சொல்லக்கூடும். புகைபோக்கி ஒழுங்காகத் துப்புரவு செய்த கணப்படுப்பில் விறகு எரிந்தால் புகையும் வாயுவும் மேலே போய்விடும். அந்தக் காலத்து பங்களாக்களை அப்படி யோசித்துத்தான் கட்டினார்கள். சமையல்காரர் அறைக்கு மட்டும் கணப்படுப்பு கட்டவில்லை.

காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படத்தில் அப்பமும் இடியப்பமும் இருந்தது. எங்களுக்குப் பாணும் தண்ணீராய் ஓடிய பருப்பும்.

ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒன்று கேட்டேன். ஐயா அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு வீட்டின் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். 1868இல் தேயிலைத் துரை கட்டிய பங்களா, லிப்டன் அந்தக் காலத்தில் இந்த முன்னறையில் தங்கித்தான் தோட்டங்களைப் பார்த்தார் என்று. அதே வருடம்தான் வாசல் பலகையிலும் இருக்கிறது. இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதே 1867இல். அப்போது மலை முழுக்கக் கோப்பி. 1869இல் வந்த இலைநோயில் கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை பரவியது. பக்கத்து நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல், லிப்டன் இங்கே தோட்டம் வாங்கியது 1890இல். கோப்பித் துரை கட்டியது என்றிருந்தாலாவது நம்பலாம். வாசல் பலகையில் இவ்வளவு லேசாகப் பொய் எழுதுகிறவர், பில்லில் எழுத மாட்டாரா?

எழுதினார். இரண்டாவது இரவை எல்லாரும் ஒரே அறையில், கரியும் இல்லாமல், உடுப்புக்கு மேல் உடுப்புப் போட்டுக்கொண்டு கழித்தோம். திங்கள் காலை, மூன்றாவது இரவு வேண்டாம், இரண்டு இரவுக்கு உரிய 72,000இல் மிச்சம் 18,000ஐத் தருகிறோம் என்றோம். ஐயா உள்ளே போய்க் கொப்பித் தாள் ஒன்றில் கணக்கெழுதிக் கொண்டுவந்தார். மூன்று இரவுக்கும் முழு வாடகை. கரிக்கு 2,500. சுடுதண்ணிக்கு 3,000. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கும் மேல் வற் வரி 18 வீதம். முற்பணம் போக 93,323 ரூபாய் என்று கீழே கோடு போட்டிருந்தார். என் பிள்ளையைச் சாகடிக்கப் பார்த்த கரிக்கு 2,500 ரூபாய்!

வற் பதிவு இலக்கம் எங்கே, வரிப் பற்றுச்சீட்டு எங்கே என்று இவர் கேட்டார். ஐயாவின் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் சத்தம் போட்டார், மகன் போய் கேட்டைப் பூட்டினார். கடைசியில், "சரி, நம்ம ஆக்கள் என்றபடியால் வரியையும் சேவைக் கட்டணத்தையும் விட்டுத் தாறேன்" என்றார். அரசாங்கத்துக்குப் போக வேண்டிய வரியென்றால் விட்டுக்கொடுக்க ஐயா யார்? அம்மா வானுக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக 59,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

அன்றிரவு மாமா வீட்டு லயத்தில் படுத்தோம். இரண்டு காம்பராவில் பதினொரு பேர். மாமி தன்னிடமிருந்த நல்ல கம்பளியை அம்மாவுக்குப் போர்த்திவிட்டார்.

புகார் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் வீட்டின் பெயரை இங்கே போடவில்லை. ரசீது இல்லாததால் வங்கிக்குக் காசு போட்ட சீட்டும் வட்ஸ்அப் செய்திகளும்தான் என் கையில் இருக்கிற ஆதாரம். நல்லவேளை, எதையும் அழிக்கவில்லை. நீங்களும் அழிக்காதீர்கள். பேசுவதைப் போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள்: எந்த அறை, அந்த அறையின் படம், கணப்படுப்பு எரிகிறதா, விறகுக்கும் சுடுதண்ணிக்கும் தனிக் காசா, அறை மாறினால் முற்பணம் திரும்புமா. தங்குமிடம் நடத்துகிறவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்திருக்க வேண்டும், வீட்டோடு அறை விடுகிறவர்களுக்கும் பதிவு உண்டு. அந்த இலக்கத்தைக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கேட்டவுடனே அனுப்புவார்கள். போன வருடம் பண்டாரவளையில் ஒரு அக்கா வீட்டில் தங்கினோம், நாங்கள் கேட்காமலே ரசீதும் தந்தார், முற்பணத்தைத் திருப்பும் நிபந்தனையையும் எழுதித் தந்தார். சிக்கல் வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அங்கிருந்தே அழையுங்கள். எனக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

நேற்று அந்த மகனின் இலக்கத்திலிருந்து எனக்குச் செய்தி வந்தது, எல்லாருக்கும் மொத்தமாக அனுப்பியிருப்பார் போல. ஏப்ரல் சீசனுக்கு அறைகள் இருக்கின்றனவாம், அறைக்கு 26,000 ரூபாயாம். கூடவே அதே முன்னறையின் படம்.