சிறுநீர்க் கசிவுக்கு ஆபரேஷன்: டேப்பா, சொந்தத் திசுவா?

இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்பதை நம் நெல்லைச் சீமையில் அத்தைமாரும் மதினிமாரும் லேசில் வெளியே சொல்வதில்லை. பீடித் தட்டை இறக்கி வைத்து எழும்போது சேலை நனைந்தாலும் "வயசாயிட்டுல்லா" என்று விட்டுவிடுகிறார்கள். துணிந்து டாக்டரிடம் போய் ஆபரேஷன் பேச்சு வந்தால், மகன் செல்போனில் தேடிவிட்டு, "மெஷ் வேண்டாம்மா, ஆபத்தாம்" என்கிறான். பேச்சு அதோடு நின்றுபோகிறது. மெஷ் என்பது உடம்புக்குள் தாங்கலாக வைக்கும் பிளாஸ்டிக் வலை. டேப் அதன் மெல்லிய நாடா வடிவம்.

அந்த எச்சரிக்கை எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2008-லும் 2011-லும் எச்சரித்தது. 2011-ல் சொன்னதன் பெரும்பகுதி அடி இறக்கத்துக்கு (கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கி வருவது) பிறப்புறுப்பு வழியாக வைக்கும் அகலமான மெஷ் பற்றியது. 2019-ல் அங்கே விற்பனையை நிறுத்தச் சொன்னதும் அதைத்தான். கசிவுக்கு வைக்கும் மெல்லிய டேப்பை அமெரிக்கா தடுக்கவில்லை. இங்கிலாந்து 2018-ல் டேப்பையும் நிறுத்தி வைத்தது. அதன்பின் அங்கே பழைய முறைகளுக்கு மறுபடி மவுசு வந்தது.

டேப் என்பது சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஊஞ்சல் போலத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் நாடா. காயம் சிறியது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், பெரும்பாலானோருக்குக் கசிவு நிற்கிறது அல்லது நன்றாகக் குறைகிறது. ஆனால் சிலருக்கு நாடா உள்தோலை அரித்து வெளியே தெரியும். தாம்பத்தியத்தில் வலி வரும். தொடை வழியாகப் போடும் வகையில் தொடை இடுக்கு வலியும் உண்டு. வேண்டாம் என்று பிறகு எடுப்பது கடினம். முழுதாக எடுக்க முடியாமலும் போகலாம். என் பார்வையில் எச்சரிக்கையின் சாரம் இதுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும்.

சொந்தத் திசுவில் அடிவயிற்றின் தசை உறையிலிருந்து ஒரு பட்டை எடுத்து அதே இடத்தில் தாங்கலாக வைக்கிறார்கள். பிளாஸ்டிக் அரிக்கும் பயம் இல்லை. பதிலுக்கு வயிற்றில் வெட்டு, கூடுதல் நாள் ஓய்வு. சிலருக்குச் சிறுநீர் முழுதாகப் போகாமல் கொஞ்ச நாள் டியூப் தேவைப்படும். சிறுநீர்ப்பையின் கழுத்துப் பக்கத்தைத் தையல் போட்டு மேலே தூக்கிக் கட்டும் பர்ச் என்ற முறை 1961-லிருந்து இருக்கிறது. இரண்டையும் 655 பெண்களிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2007-ல் வந்தது. இரண்டு வருடத்தில் இருமல், தும்மல் கசிவு சரியானது சொந்தத் திசுவில் 66%, பர்ச்சில் 49%. ஆனால் சிறுநீர்த் தொற்றும் சிறுநீர் போவதில் சிரமமும் சொந்தத் திசுவில்தான் அதிகம்.

குழாயைச் சுற்றி ஊசி போடும் முறையும் உண்டு. எளிது, பலன் குறைவு, திரும்பப் போட வேண்டி வரலாம்.

சரி, எதை எடுப்பது? முதலில் மூன்று மாதம் முறையாகச் சொல்லிக்கொடுத்த இடுப்புத்தளப் பயிற்சி, அதாவது சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது. அது போதாதபோது, நீண்ட ஓய்வுக்கு வழியில்லாத, அபாயம் தெரிந்து சம்மதிக்கிற பெண்ணுக்கு டேப்பை நான் ஒதுக்க மாட்டேன். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்பவர் சொந்தத் திசுவைக் கேட்கலாம். அதை அடிக்கடி செய்து பழகிய கை வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசுப் பெரியாஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், "நீங்க எதை அதிகமாச் செய்யுதீங்க, கோளாறு வந்தா யார் பார்ப்பா?" என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கர்ப்பப்பையை எடுத்தால் கசிவு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவசரமாக முட்டிக்கொண்டு வந்து கசிவது வேறு நோய். இந்த ஆபரேஷன்கள் அதற்கானவை அல்ல. அதற்குப் பயிற்சியும் மாத்திரையும்தான் முதலில்.