டக்டைச் சுத்தம் செய்வதா, தூசியை உள்ளே விடாமல் நிறுத்துவதா?

டிஃப்யூசர் (சீலிங்கில் குளிர்காற்று வெளிவரும் வாய்) ஓரத்தில் கறுப்பு படிந்ததும், சேலத்தில் டக்டபிள் ஏசி (டக்ட் எனும் காற்றுக் குழாய் வழியே குளிர்காற்று அனுப்பும் ஏசி) வைத்திருப்பவர்கள் தேடுவது டக்ட் கிளீனிங் ஆட்களைத்தான். மெஷின் பிரஷ் விட்டு, வேக்குவத்தில் இழுத்து, முன்னே பின்னே போட்டோவும் காட்டுவார்கள். இன்னொரு வழி, ரிட்டர்ன் பக்கம், அதாவது அறைக் காற்று யூனிட்டுக்குத் திரும்பும் பக்கம், ஓட்டையை அடைத்து நல்ல ஃபில்டர் போடுவது. இதில் போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

காரணம் ரிட்டர்ன். செலவைக் குறைக்கப் பல வீடுகளில் தனி ரிட்டர்ன் டக்ட் போடாமல், ஃபால்ஸ் சீலிங் மேல்வெளியையே ரிட்டர்னாக விட்டுவிடுகிறார்கள். அங்கே கிடக்கும் ஜிப்சம் தூள், பல்லி எச்சம், ஒயரிங் துளை வழியாக இறங்கும் தெருப்புழுதி எல்லாம் நேராக யூனிட்டுக்குள் போகும். மாமாங்கம், கருப்பூர் பக்கம் என்றால் மேக்னசைட் வெள்ளைத்தூள். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்றால் தறிப் பஞ்சு. கூலிங் காயில் ஏசி ஓடும்போது ஈரமாக இருப்பதால் இதெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். அந்த வழி திறந்தே கிடந்தால், இன்று டக்டைத் துடைத்தாலும் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஃபேனை மட்டும் ஓடவிட்டு, ரிட்டர்ன் பெட்டியின் ஒவ்வொரு இணைப்பிலும் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே உள்ளே வளைகிறதோ அங்கே கசிவு. துணி டேப் ஒட்டாதீர்கள். மொட்டைமாடிக்குக் கீழே ஏப்ரல் சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். அலுமினியம் ஃபாயில் டேப், பெரிய இடைவெளிக்கு டக்ட் சீலன்ட். ஃபில்டர் சட்டத்தைச் சுற்றி ஃபோம் பட்டை கட்டாயம். விளிம்பில் சந்து இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரும் வீண்.

யூனிட்டோடு வரும் நைலான் வலை பஞ்சைப் பிடிக்கும், நுண்தூளை விட்டுவிடும். அதற்குப் பின்னால் மெர்வ் 8 மடிப்பு ஃபில்டர் போதும். (மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்தூளைப் பிடிக்கும் என்ற அளவு; எண் கூடினால் பிடிப்பும் கூடும்.) மெர்வ் 13 கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஃபால்ஸ் சீலிங்குக்குள் அடங்கும் ஒல்லி யூனிட்டின் ஃபேன் அந்தத் தடையைத் தாங்காது. காற்று குறையும், காயிலில் ஐஸ் பிடிக்கும், அது உருகும்போது தண்ணீர் வடியும் ட்ரெயின் தட்டு வழிந்து சீலிங்கில் கறை விழும். 3 டன்னுக்குச் சுமார் 1,200 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று. அதற்கு 24 அங்குலத்துக்கு 24 அங்குலம், 2 அங்குலத் தடிமன் ஃபில்டர் வையுங்கள். சட்டத்தில் உள்ள அம்புக்குறி யூனிட்டைப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு இந்த ஃபில்டர் வழியில்தான் அதிகம், மறைக்கவில்லை. வலையை 15 நாளுக்கொரு முறை கழுவ வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து கண் அடைத்துக்கொள்ளும். மேட்டூர் தண்ணீர் வரும் அன்றைக்குக் கழுவி நிழலில் காயவிடுங்கள். மடிப்பு ஃபில்டரைக் கழுவவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். பொதுவாக மூன்று மாதம் என்பார்கள். தறிப்பட்டறைக்கு அடுத்த வீட்டில் அந்தக் கணக்கு நிற்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் மானோமீட்டர் (அழுத்த வித்தியாசம் காட்டும் கருவி) குழாய் வைத்துப் பாருங்கள். புதிதில் காட்டிய அழுத்த வித்தியாசம் இரண்டு மடங்கானால் மாற்றிவிடலாம்.

டக்ட் கிளீனிங் தேவைப்படும் இடமும் உண்டு. டிஃப்யூசரை மூடாமல் பட்டி தேய்த்த புது வீடு, உள்ளே எலி புகுந்த வீடு. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு டக்ட் என்றால் தயங்காமல் செய்யலாம். உள்பக்கம் ஃபைபர் லைனிங் இருந்தால் பிரஷ் அதைப் பிய்த்துவிடும். அந்த லைனிங்கில் பூஞ்சை பிடித்திருந்தால் மாற்றுவதே வழி. ஃப்ளெக்சிபிள் டக்டும் கிழியும்.

நோய் வராது என்று சொல்லி மருந்துப் புகை அடிக்கச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். டக்ட் சுத்தம் நோயைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது.

ஆளைக் கூப்பிட்டால் வரிசையைக் கவனியுங்கள்: எம்சிபி ஆஃப், எல்லா டிஃப்யூசருக்கும் பாலிதீன், முதலில் வேக்குவம் ஓட வேண்டும், பிறகுதான் பிரஷ். வேக்குவத்தின் காற்று மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாகவோ ஜன்னலுக்கு வெளியிலோ போகட்டும். காயில் கழுவுவது கடைசியில்.