காப்பர் வயர் எங்கே போச்சு? ஈஆர்பிநெக்ஸ்ட்டோடு நாலு வருஷம்

கோவையில் மோனோபிளாக் பம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் சாஃப்ட்வேர் போட்டு நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட் சீட்டு, நீள நோட்டு, மாசக் கடைசியில் எக்செல். பில், ஜிஎஸ்டி பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை எந்த சாஃப்ட்வேரிலும் எப்படியோ நடந்துவிடும். ஸ்டோரிலிருந்து பொருள் ஷாப் ஃப்ளோருக்கு இறங்குவதும் மிச்சம் திரும்பி வருவதும்தான் எங்களைப் படுத்தி எடுத்தது.

ஏற்பாடு எளிமையானதுதான். ஒர்க் ஆர்டரில் ஸ்டார்ட் கொடுத்தால் பிஓஎம்மில் (ஒரு பம்புக்கு என்னென்ன எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்) உள்ள பொருள்களோடு ஒரு ஸ்டாக் என்ட்ரி திறக்கும். சப்மிட் செய்ததும் ஸ்டோர்ஸில் கழிந்து டபிள்யூஐபி வேர்ஹவுஸில், அதாவது வேலையில் இருக்கும் பொருளின் கணக்கில், ஏறும். பம்பு முடிந்து ஃபினிஷ் கொடுத்தால் டபிள்யூஐபியில் கழிந்து, ஃபினிஷ்டு கூட்ஸில் பம்பாக ஏறும். பேரிங், இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல் மாதிரி எண்ணிக் கொடுக்கும் பொருள்களில் முதல் மாசத்திலிருந்தே தகராறு இல்லை. பத்து கொடுத்தால் பத்து போகும்.

மோட்டருக்குள் சுற்றும் காப்பர் வைண்டிங் வயர் அப்படி இல்லை. பிஓஎம்மில் மோட்டருக்கு இத்தனை கிராம் என்று இருக்கும். ஆனால் செக்‌ஷனுக்குப் போவது முழு பாபின் (வயர் சுற்றி வரும் பிளாஸ்டிக் உருளை). பத்து மோட்டருக்கான வயரை மட்டும் வெட்டிக் கொடுக்கவா முடியும்? அதனால் டிரான்ஸ்ஃபர் என்ட்ரியில் அளவை மாற்றி பாபின் எடையையே போட்டோம். மிச்சம் டபிள்யூஐபியில் நிற்கும், திரும்பி வந்ததும் ஸ்டோருக்கு மாற்றிவிடலாம் என்பது கணக்கு. திரும்பி வந்தது. கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை.

முதல் வருஷக் கடைசியில் டபிள்யூஐபியில் 48 கிலோ காப்பர் நின்றது. செக்‌ஷனில் போய்ப் பார்த்தால் பாதிகூட இல்லை. காப்பர் விற்கிற விலைக்கு முதலாளியின் பார்வை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. வைண்டிங் செக்‌ஷனில் இருபது வருஷமாக இருக்கிற அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. “ஏனுங்க, டெஸ்டிங்ல போன ஸ்டேட்டரை அவுத்துட்டுத் திரும்பச் சுத்துறனே, அதுக்கு எங்கீங்க சீட்டுப் போடுறது?” என்றார்.

அறையில் யாருக்கும் பதில் இல்லை. ஸ்டேட்டர், அதாவது மோட்டரில் வயர் சுற்றும் பாகம், டெஸ்டிங்கில் ஃபெயிலானால் திரும்பச் சுற்றும் ரீவைண்டிங் என்ற ஒன்று எங்கள் சிஸ்டத்திலேயே கிடையாது. இரண்டு தடவை சுற்றிய மோட்டருக்கும் பிஓஎம்படி ஒரு தடவைக்கான வயர்தான் கழிந்திருக்கிறது. இதில் சாஃப்ட்வேரைக் குறை சொல்ல வழியில்லை, நாங்கள் சொன்னதைத்தான் அது எழுதியிருந்தது.

இன்னொரு ஓட்டை தராசில் இருந்தது. வரும்போது நெட் எடை. திரும்பும்போது பாபினோடு சேர்த்து எடை. பாதி வயரோடு வரும் பாபினைத் தராசில் வைத்து அப்படியே ரிட்டர்ன் எழுதியிருக்கிறார்கள். ஸ்டோர் கணக்கில் பிளாஸ்டிக்கும் காப்பராக ஏறியிருந்தது!

நடுவில் ஒரு தப்பும் செய்தோம். மேனுஃபேக்சரிங் செட்டிங்ஸில் பேக்ஃப்ளஷ், அதாவது பம்பு முடிந்ததும் பொருளைக் கழிப்பது, எதை வைத்து என்று ஒரு இடம் உண்டு: பிஓஎம்மை வைத்தா, டிரான்ஸ்ஃபர் ஆன பொருளை வைத்தா. இரண்டாவதுக்கு மாற்றினால் டபிள்யூஐபி சுத்தமாகிவிடும் என்று யாரோ சொல்ல, மாற்றினோம். சுத்தமாகத்தான் ஆனது. பத்து மோட்டரின் தலையில் ஒரு முழு பாபின் விழுந்தது. அந்த மாசம் ஒரே மாடல் பம்புக்கு நாலு விதமான காஸ்ட் வந்தது. ஒர்க் ஆர்டருக்கு அளந்து கொடுக்கிறவர்களுக்கு அந்த முறை சரி. பாபினாக, டின்னாக, ரோலாகக் கொடுக்கிறவர்களுக்கு ஆகாது. பழையபடி பிஓஎம்முக்கே திரும்பினோம்.

இப்போது நடைமுறை இதுதான். திரும்பச் சுற்றினால் தனியாக ஒரு மெட்டீரியல் இஷ்யூ, ரீவொர்க் என்ற செலவுக் கணக்கில். அவிழ்த்த பழைய காப்பர் ஸ்கிராப் ஐட்டமாக ஸ்டோரில் ஏறும். ஒவ்வொரு பாபின் பக்கவாட்டிலும் காலி எடை மார்க்கரில் இருக்கும். மாசம் முதல் தேதி செக்‌ஷனில் இருக்கும் எல்லா பாபினையும் நிறுத்து, டபிள்யூஐபி பேலன்ஸோடு ஒத்துப்பார்ப்போம். ஸ்டோர் ஸ்டாக்கை எல்லோரும்தான் எண்ணுகிறார்கள். நான் பயப்படுவது டபிள்யூஐபிக்கு. பொய் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

வார்னிஷ், நட்டு, வாஷர், பருத்தி நூல் இவற்றையெல்லாம் ஆரம்பத்தில் ஆசையாக பிஓஎம்மில் ஏற்றி, ஆறு மாசத்தில் எடுத்துவிட்டோம். எடுப்பதும் லேசில்லை, சப்மிட் ஆன பிஓஎம்மைத் திருத்த முடியாது, புதுசாகத்தான் போட வேண்டும். இப்போது மாசம் ஒருமுறை மொத்தமாக இஷ்யூ.

நெகட்டிவ் ஸ்டாக்கை, அதாவது கணக்கில் இல்லாத பொருளையும் கழிப்பதை, அனுமதிக்கும் டிக்கைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நைட் ஷிஃப்டில் வேலை நிற்கக்கூடாதென்று நாங்கள் போட்டு வைத்திருந்தோம். பம்பு ராத்திரியே ஃபினிஷ் ஆகிவிடும், டிரான்ஸ்ஃபர் காலையில் முன்தேதியிட்டு ஏறும். முன்தேதியில் ஒன்று நுழைந்தால் அதற்குப் பின்னால் வந்த எல்லா என்ட்ரிக்கும் மதிப்பு திரும்பக் கணக்கிடப்படும். அக்கவுண்ட்ஸில் இருக்கிற பெண் நேற்று எடுத்த ரிப்போர்ட்டும் இன்று எடுத்ததும் வேறுவேறாக இருக்கிறதென்று அழாத குறை. டிக்கை எடுத்ததும் ஒரு மாசம் கத்தினார்கள், அப்புறம் பழகிவிட்டது.

காஸ்டிங், அதாவது பம்பு பாடி மாதிரி வார்த்து வரும் பாகங்கள், தனிக்கதை. ஃபவுண்டரி கிலோவில் பில் போடும், நமக்கு வேண்டியது எண்ணிக்கை. கன்வர்ஷன் ஃபேக்டர் போட்டுப் பார்த்தோம். ஒரு பாடி மாதிரி இன்னொன்று எடை வராது. ஸ்டாக்கை எண்ணிக்கையிலேயே வைத்து, கிலோவை பில்லோடு நிறுத்திக்கொண்டோம். மெஷினிங்குக்கு வெளியே லேத்துக்குப் போகும் காஸ்டிங்குக்கு, கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் ஆள் பெயரிலேயே ஒரு வேர்ஹவுஸ். ஜிஎஸ்டி சட்டம் 143-ஆம் பிரிவுப்படி அனுப்பிய பொருள் 1 வருஷத்துக்குள் திரும்ப வேண்டும் என்பதால், எது எத்தனை நாளாக யாரிடம் கிடக்கிறது என்று ஒரே திரையில் தெரிவது பெரிய நிம்மதி. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பியதைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஐடிசி-04 நிரப்பும்போது பழைய டெலிவரி சலான் கட்டைத் துழாவுவதில்லை.

சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸுக்குக் காசு இல்லை. எங்களுக்கு ஆன செலவு சர்வரும், அமைத்துக் கொடுத்தவர் கூலியும், அந்த முதல் வருஷமும்.

போன மாசம் காப்பர் வித்தியாசம் ஒன்றரை கிலோவுக்குள் வந்தது. முதலாளி இப்போது காப்பர் எங்கே என்று கேட்பதில்லை. ரீவொர்க் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, இத்தனை ஸ்டேட்டர் ஏன் டெஸ்டிங்கில் போகிறது என்று கேட்கிறார். அந்தக் கேள்வி ஸ்டோர்ஸுக்கு வராது, அதனால் எனக்கு நிம்மதி.