சுந்தர்ஜியா, கில்லா?

அமிர்தசரஸ் பொற்கோயிலில் பதுங்கிய தீவிரவாதிகளை வெவ்வேறு ஆண்டுகளில் எதிர்கொண்ட இந்த இருவரில் யார் மேல் என்பதுதான் கேள்வி.

1984 பொற்கோயில் நடவடிக்கை பற்றிச் சென்னையில் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் இந்திரா காந்தியோடு முடிந்துவிடும். அப்போது மேற்கு மண்டல ராணுவத் தளபதியாக இருந்த சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்தவர், சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

சீக்கிய குரு அர்ஜன் நினைவு நாளுக்கு வந்த பக்தர்கள் உள்ளே சிக்கியிருந்த நேரத்தில் ராணுவம் நுழைந்தது. டாங்கிக் குண்டுகளில், கோயில் வளாகத்தில் இருக்கும் சீக்கியர்களின் உயர் பீடமான அகால் தக்த் சிதைந்தது. வீரர்கள் மட்டும் 83 பேர் இறந்ததாக அரசே சொன்னது.

அதே கோயிலை 1988 மே மாதம் பஞ்சாப் டிஜிபி கே.பி.எஸ். கில் வேறு விதமாகக் கையாண்டார். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, வெளியிலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்களை வைத்துக் காத்திருந்தார். பத்து நாட்களுக்குள் தீவிரவாதிகள் சரணடைந்தார்கள், பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சரி, 1984இல் உள்ளே இருந்த தீவிரவாதத் தலைவர் பிந்திரன்வாலே அளவுக்கு எதிர்த்து நிற்க அப்போது உள்ளே ஆளில்லை, முந்தைய பாடமும் கையில் இருந்தது. ஆனாலும் இந்த ஒன்றில் கில்லுக்குத்தான் என் ஓட்டு.

முழுப் பணிக்காலத்தையும் எடுத்தால் நான் தயங்குவேன். தலைமைத் தளபதியான பிறகு சுந்தர்ஜி 1986இல் அருணாசல எல்லையில் உள்ள சும்தொரோங் சூ பகுதியில் சீனாவுக்கு எதிரே படைகளை விமானத்தில் இறக்கி உறுதியாக நின்றார். அடுத்த ஆண்டே யாழ்ப்பாணத்தில் புலிகளைக் குறைத்து மதிப்பிட்டார். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் சுமார் 1,200 வீரர்கள் மாண்டார்கள், ஈழத்தமிழ் மக்கள் பட்டது தனிக்கதை. 1990இல் அந்தப் படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. இந்த ஊரில் சுந்தர்ஜியைச் சொந்தம் கொண்டாட ஆளில்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கில் பஞ்சாபில் தீவிரவாதத்தை அடக்கியது உண்மை. ஆனால் எப்படி? அமிர்தசரஸ் மாவட்டச் சுடுகாடுகளில் சட்டவிரோதமாக எரிக்கப்பட்ட 2,097 உடல்களை சிபிஐ கணக்கெடுத்தது. 1984 முதல் 1994 வரையிலான கணக்கு அது. கில் பதவியில் இருந்த வருடங்களும் அதில் அடக்கம். இதை வெளியே கொண்டுவந்த மனித உரிமை ஆர்வலர் ஜஸ்வந்த் சிங் கால்ரா 1995இல் கடத்திக் கொல்லப்பட்டார். தண்டனை பெற்றவர்கள் கில்லுக்குக் கீழே இருந்த போலீஸ்காரர்கள்தான். இதில் கில் மீது வழக்குத் தொடரப்படவில்லை.

அவர் தண்டிக்கப்பட்டது வேறொரு வழக்கில். ஐஏஎஸ் அதிகாரி ரூபன் தியோல் பஜாஜிடம் ஒரு விருந்தில் அத்துமீறியதற்காக 1996இல் வந்த தீர்ப்பை 2005இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதற்குப் பிறகும் 2008 வரை இந்திய ஹாக்கி சம்மேளனத்துக்கு அவரே தலைவர்.